நாலில் நின்ற முள்

2604 ஜூன் 13 — 18 டாலர்
1951 நவம்பர் 6 — 3 வெள்ளி
1952 ஜனவரி 8 — 3 வெள்ளி
1952 பிப்ரவரி 5 — 4 வெள்ளி 50 காசு
1952 மார்ச் 22 — கூலி இல்லை

இந்த ஐந்து வரிகளும் ஒரே காருக்கு எழுதப்பட்டவை. எழுதியவன் நான். மலாக்கா பட்டணத்தில் புங்கா ராயா சாலைக்குப் பின்சந்தில் இருந்த ஒரு கார்ப் பட்டறையில் 1937 முதல் 1971 வரை கிராணியாக இருந்தேன். வந்த வண்டி, சொன்ன குறை, செய்த வேலை, வாங்கிய கூலி என்று நான்கு கட்டம் போட்டு வேலைப் புத்தகம் எழுதுவது என் பொறுப்பு. முதல் வரியில் வருஷம் தவறி விழவில்லை. ஜப்பான்காரன் ஆண்டபோது அவன் கணக்குப்படிதான் வருஷம் எழுத வேண்டும். 2604 என்றால் 1944. வெள்ளி என்பது டாலருக்கு எங்கள் ஊர்ப் பெயர். கடைசி வரியில் கூலி இல்லாததும் மறதியால் அல்ல. வேலை செய்தவர் எழுத வேண்டாம் என்றார்.

அவர் பெயர் பிச்சைமுத்து. எங்கள் பட்டறையின் ஒயர்மேன். விளக்கு எரியாவிட்டாலும், ஹாரன் தானாக அலறினாலும், புது பேட்டரி இரண்டே நாளில் செத்துப்போனாலும் வண்டி அவரிடம்தான் வரும். 1911இல் தங்கா பத்துப் பக்கம் ஒரு தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். பதினெட்டு வயதில் தோட்டத்து ஆலையில் டைனமோ பார்க்கும் வேலைக்குப் போனார்; இடது கையில் இரண்டு விரல் நுனிகளைச் சுட்டுக்கொண்டார்; 1934இல் பட்டணத்துக்கு வந்தார். 1966இல் இறந்தார். இடைப்பட்ட முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பட்டறைக்கு வராத நாட்கள் பதினொன்று.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி வந்ததும் பானட்டைத் திறக்க மாட்டார். ஒரு ஸ்டூலைப் போட்டு, ஓட்டி வந்தவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். எங்கே நின்றது? அதற்கு முன் எவ்வளவு தூரம் ஓடியது? மேடா, பள்ளமா? வெயிலா, மழையா? நின்றபோது எந்த முள் எங்கே இருந்தது? அவசரக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள்.

“என்னா பிச்ச, கார் ரிப்பேரா, கல்யாணப் பொருத்தமா?” என்று ஒரு டாக்சிக்காரர் கேட்டார்.

“பொருத்தம் பாக்காம கண்டதயும் கண்டதோட கட்டுனதாலதான்லா ஒன் வண்டி நடுரோட்டுல நிக்குது” என்றார் பிச்சைமுத்து.

அவருடைய கருவி ஒன்றே ஒன்று. சின்ன பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்தது. ஒரு முனையை பேட்டரியிலும் மறு முனையைச் சந்தேகப்பட்ட இடத்திலும் வைப்பார். எரிந்தால் அந்த இடம் பாடியைத் தொடுகிறது, எரியாவிட்டால் தொடவில்லை. அந்த பல்புக்கு அவர் வைத்த பெயர் சாட்சி. புகையிலை டின்னில் பஞ்சு வைத்து அதைப் பத்திரப்படுத்தியிருந்தார்.

இனி அந்தக் காருக்கு வருகிறேன். அது கல்லுமலைத் தோட்டத்துக் கார். பட்டணத்திலிருந்து செங் வழியாகப் போனால் பதினான்காம் கட்டையில், அதாவது பதினான்காவது மைலில், தோட்டம். கார் கறுப்பு நிறம், 1938இல் வந்தது. ஓட்டியவர் மருதமுத்து. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் கப்பலேறி வந்தவர்; 1951இல் அவருக்கு முப்பது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கணேசமூர்த்தியை ஏற்றிக்கொண்டு காலையில் பட்டணத்துக்கு வருவார். டிரெஸ்ஸர் மருந்துகளை வாங்கிப் பெட்டியில் அடுக்குவதற்கு மூன்று மணி நேரம் ஆகும். நண்பகலில் திரும்பிப் போவார்கள்.

நவம்பர் மாதம் திரும்பிப் போகும்போது பதினோராம் கட்டை மேட்டு வளைவில் கார் நின்றுவிட்டது. இருபது நிமிஷம் கழித்துத் தானாகக் கிளம்பியது. மறுநாள் மருதமுத்து பட்டறைக்குக் கொண்டுவந்தார். பிச்சைமுத்து சுற்றிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. ஜனவரியில் அதே வளைவு, அதே கதை. பிப்ரவரியிலும் அப்படியே.

அந்த மூன்று தடவையும் பிச்சைமுத்து ஸ்டூலைப் போடவில்லை. இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும். அரசாங்க வண்டிப் பட்டறையில் தலைமை ஒயர்மேன் வேலைக்கு அவர் மனுப் போட்டிருந்தார். ஓய்வூதியம் உள்ள வேலை. அதன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். கவனம் அங்கே இருந்தது. பிப்ரவரி 5ஆம் தேதி மருதமுத்து மறுபடி வந்து நின்றபோது அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“ஏன்டா மருதமுத்து, பட்டணத்துலேருந்து பதினாலு கட்ட இருக்கு. எங்க வேணும்னாலும் நிக்கலாம். அது என்னா அந்த வளைவு மேல மட்டும் அதுக்கு அப்படி ஒரு ஆச?”

“எனக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

“பாத்துட்டேன். கார்ல ஒண்ணும் இல்ல. கோளாறு ஓட்டுறவன் கிட்டதான் இருக்கு. வளைவுல யாரையாச்சும் பாக்க வரச் சொல்லியிருக்கியா?”

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரெஸ்ஸர் கணேசமூர்த்தியும் அன்று காரில் கூட வந்திருந்தார், சிரித்தார். மருதமுத்துவும் வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் புத்தகத்தில் ‘குறை இல்லை’ என்று எழுதினேன்.

அது மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்திருந்த அவசரகாலம். காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவ லாரிகள். தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி. வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும், காட்டுக்குப் போகிறது என்று குற்றம். அந்த நாளில் அப்படி ஒரு வார்த்தையைச் சிரிப்புக்குக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது.

1952 மார்ச் 3, திங்கட்கிழமை. பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அதே வளைவில் கார் நின்றது. மருதமுத்து இறங்கி பானட்டைத் திறந்தார். ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு நான்கு பேர் வந்தார்கள்; மருந்துக் கார் அங்கே நிற்பது அதற்குள் காட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாரையும் அடிக்கவில்லை. மருந்துப் பெட்டி இரண்டையும் தூக்கிக்கொண்டு, டிரெஸ்ஸரின் கைக்கடிகாரத்தை அவரிடமே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் மரங்களுக்குள் மறைந்த பிறகு மருதமுத்து பானட்டை மூடி, ஸ்டார்ட்டரை அழுத்தினார். ஒரே அழுத்தில் கார் கிளம்பியது.

டிரெஸ்ஸர் நல்ல மனிதர். போலீஸ் கேட்டதற்கு நடந்ததை அப்படியே சொன்னார். கார் எப்போதும் அந்த இடத்தில்தான் நிற்கும் என்றார். அவர்கள் போனதும் கிளம்பியது என்றார். பட்டறையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டபோது அதையும் சொன்னார். அன்று மாலையே மருதமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மார்ச் 5ஆம் தேதி ஒரு போலீஸ்காரர் பட்டறைக்கு வந்து, என் புத்தகத்திலிருந்து மூன்று வரிகளையும் படியெடுத்துக்கொண்டு போனார். அவர்களுடைய மெக்கானிக்கும் காரை ஸ்டேஷன் கொட்டகை நிழலில் வைத்திருந்து, ஐந்து நாள் எடுத்து ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

விசாரணை இல்லாமல் இரண்டு வருஷம்வரை அடைத்து வைக்கச் சட்டம் இருந்தது. இந்தியாவில் பிறந்தவர்களாக இருந்தால் கப்பலேற்றி அனுப்பவும் இருந்தது. மருதமுத்துவின் மனைவி வேலாயி இங்கே பிறந்தவள். இரண்டு பிள்ளைகள். மூத்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு.

மார்ச் 17ஆம் தேதி பிற்பகல் இரண்டரைக்கு வேலாயி பட்டறைக்கு வந்தாள். பால்மரம் வெட்டிவிட்டு நேராக பஸ் ஏறியிருக்கிறாள். கையில் காய்ந்த ரப்பர் பால் இழை இழையாக ஒட்டியிருந்தது. அதை விரலால் உருட்டி உருட்டிப் பிய்த்துக்கொண்டே நின்றாள். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“நேத்து அவரப் பாக்க விட்டாங்கண்ணே. பத்து நிமிசம்” என்றாள் பிச்சைமுத்துவிடம். “நீங்க சொன்ன சொல்லத்தான் அங்க எழுதி வச்சிருக்காங்களாம். கோளாறு ஓட்டுறவன் கிட்டன்னு.”

பிச்சைமுத்து கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“வெளையாட்டுக்குச் சொன்னேன் தங்கச்சி.”

“அவங்க வெளையாட்டுன்னு எழுதலயே.” இன்னொரு இழையைப் பிய்த்தாள். “உங்களத் திட்டச் சொல்லி அவரு அனுப்பல. ஒரே ஒரு சேதி சொல்லச் சொன்னாரு. எனக்கு அர்த்தம் தெரியாது. மறந்துருவேன்னு பஸ்ஸுல சொல்லிக்கிட்டே வந்தேன். முள்ளு நாலுல நின்னுச்சாம். ஹேண்டில் போட்டுச் சுத்துனப்பவும் நாலுலயே நின்னுச்சாம். ஆடவே இல்லயாம்.”

பிச்சைமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். இந்த முறை அவரே உட்கார்ந்தார்.

எனக்கு அவர் பின்னால் விளக்கியதை இங்கே எழுதுகிறேன். காரில் மின்சாரம் போகும் அளவைக் காட்ட ஒரு முள் உண்டு. எஞ்சினைச் சுற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம் முனைகள் சேர்ந்து சேர்ந்து பிரியும். முள் அதற்குத் தக்கபடி ஆடும். ஒயர் அறுந்திருந்தால் முள் பூஜ்யத்தில் கிடக்கும். ஆடாமல் நாலில் நின்றால் மின்சாரம் போகிறது, ஆனால் முனைகளுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே எங்கோ இரும்பைத் தொட்டு வழிந்துபோகிறது; பொறி பிறக்காமல் எஞ்சின் நிற்கும். காயிலுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவில் போவது ஒரே ஒரு ஒயர், ஒரு முழ நீளம்.

“அது ஏன்லா தொடுது, அப்புறம் ஏன் விடுது?” என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “கிராணி, நீ தெனமும் மழ வெயிலு எழுதுவியே. அஞ்சு மாசத்து முத திங்கக்கெழமய எடு.”

எடுத்தேன். நவம்பர் 5, வெயில். டிசம்பர் 3, காலை முதல் மாலைவரை மழை. ஜனவரி 7, வெயில். பிப்ரவரி 4, வெயில். மார்ச் 3, கடும் வெயில். டிசம்பர் மாதம் கார் பட்டறைக்கு வரவில்லை. வேலாயியிடம் கேட்டோம். டிசம்பரில் கார் நின்றதாக அவர் சொல்லவில்லை என்றாள்.

“சூடு” என்றார் பிச்சைமுத்து.

மார்ச் 22, சனிக்கிழமை. போலீஸ் திருப்பித் தந்திருந்த காரைத் தோட்டத்து மானேஜர் கொடுத்தார். டிரெஸ்ஸர் கூடவே வந்தார். மருந்து வாங்கும் நாளில் எப்படியோ அப்படியே செய்ய வேண்டும் என்றார் பிச்சைமுத்து. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை, மருந்துக் கிடங்குக்கு எதிரே மர நிழலே இல்லாத அதே இடத்தில் காரை நிறுத்தினோம். பிறகு நாங்கள் மூவரும் ஏறிக்கொண்டோம். ஓட்டியவர் பிச்சைமுத்து. செங் தாண்டியதும் ராணுவக்காரர்கள் நிறுத்தி எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்குப் பதினோராம் கட்டை மேட்டில் ஏறினோம். வளைவில் எஞ்சின் இரண்டு தடவை இருமியது. நின்றது.

டிரெஸ்ஸர் இரண்டு பக்கமும் மரங்களைப் பார்த்தார். “தள்ளிக்கிட்டாவது போயிரலாம் பிச்சமுத்து” என்றார்.

“யாரும் எறங்காதீங்க ஐயா. பானட்டத் தொறக்கக் கூடாது.” அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். நாலில் நின்றது. “கார் நின்னா எல்லாரும் மொதல்ல என்னா செய்வோம்? பானட்டத் தொறப்போம். காத்துப் பட்டதும் ஆறிப் போயிரும். இவ்வளவு நாளும் தடயத்த அழிச்சது அதுதான். கிராணி, மணியப் பாத்துக்க.”

சாட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். காற்று அதிகம் படாதபடி பானட்டை ஒரு பக்கம் மட்டும் தூக்கி, அந்த ஒயரின் இரண்டு முனைகளையும் கழற்றி, பல்பின் ஒரு முனையை பேட்டரியிலும் மறு முனையை ஒயரிலும் வைத்தார். எரிந்தது. நடுப்பகல் வெளிச்சத்தில் அது எரிவதைப் பார்க்க நாங்களும் இறங்கி, குனிந்து கையால் மறைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஆறு நிமிஷம் பத்து விநாடி எரிந்தது. பிறகு அணைந்தது. அவர் எதையும் தொட்டிருக்கவில்லை.

ஒயர் போகிற வழியில் ஒரு தகரப் பிடிப்பு இருந்தது. அதன் அடியில் ஒயரின் மேலுறை சூட்டில் இளகியிருந்தது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாயும். அந்த இழுப்பில் இளகிய உறைக்குள் செம்பு அமுங்கிப் போய்த் தகரத்தைத் தொட்டது. ஆறியதும் உறை இறுகி, மயிரிழை அளவு பின்வாங்கியது.

பிச்சைமுத்து பிடிப்பைத் தளர்த்தி ஒயரை வெளியே எடுத்தார். இரண்டு முனையிலும் வெள்ளை நூலால் நெருக்கமாகச் சுற்றி, ஒரு முடிச்சு. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னாச்சு?” என்றார் டிரெஸ்ஸர். “திருடன் கெடச்சுட்டான்ல?”

“கெடச்சுட்டான் ஐயா” என்றார் பிச்சைமுத்து. “இது என் முடிச்சு.”

ஜப்பான்காரன் காலத்தில் ஒயர் கிடைக்காது. பிச்சைமுத்து பழைய டெலிபோன் கம்பியை முறுக்கி, மாவுச் சாக்குத் துணியைக் கிழித்துச் சுற்றி, ரப்பர் பாலில் நனைத்து, தேங்காய்ச் சிரட்டைப் புகையில் உலர்த்தி ஒயர் செய்தார். தோட்டத்தில் பிறந்து ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும். அந்தக் காலத்தில் அவரைப் புகழாதவர்கள் இல்லை. கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் சூட்டுக்குத் தாங்காது, வருஷம் போகப்போக இன்னும் இளகும் என்பது அவருக்குத் தெரியும். ஆறு மாதம் ஓடினால் போதும், போர் முடிந்தால் நல்ல ஒயர் வந்துவிடும் என்று நினைத்திருந்தார். போர் முடிந்தது. நினைவும் போனது.

அன்று மாலை பட்டறையில் எங்கள் முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், இருந்தார். பேசியது பசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாய் மொழியில்; நான் தமிழில் தருகிறேன்.

“நல்லது. புது ஒயர் போடு. ஒயர் கெட்டுப்போயிருந்தது என்று போலீஸில் சொல். முடிந்தது” என்றார் தவுக்கே.

“முடியாது தவுக்கே. மருதமுத்துவே இத மாட்டிட்டு நாடகம் ஆடுறான்னு சொல்லுவாங்க. இது எட்டு வருசத்துக்கு முந்தி போட்டதுன்னு காட்டணும்.”

“எப்படிக் காட்டுவாய்?”

பிச்சைமுத்து என்னைப் பார்த்தார். ஜப்பான்காரன் சரணடைந்த வாரம், அவர்கள் காலத்துப் புத்தகங்களையெல்லாம் எரிக்கும்படி தவுக்கே என்னிடம் சொல்லியிருந்தார். அப்போது பட்டறைக்கு வந்த வண்டிகளில் பாதி ஜப்பானிய அதிகாரிகளுடையவை. அந்தக் கல்லுமலைக் காரையும் ஓர் அதிகாரி பறித்து வைத்திருந்தார். நான் புத்தகங்களை எரிக்கவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டுப் பரணில் வைத்திருந்தேன். ஏழு வருஷமாகச் சொல்லாததை அன்று சொன்னேன்.

தவுக்கே வெகுநேரம் என்னைத் திட்டினார். திட்டி முடித்து, பிச்சைமுத்துவிடம் திரும்பினார். “உன் அரசாங்க வேலைக்குப் பதில் இன்னும் வரவில்லை. நீ செய்த ஒயரால் ஒருவன் ஜெயிலில் இருக்கிறான் என்று நீயே எழுதிக் கொடுத்தால், அவர்கள் வண்டியை உன் கையில் கொடுப்பார்களா?”

“குடுக்க மாட்டாங்க” என்றார் பிச்சைமுத்து. “கிராணி, எழுது.”

ஏப்ரல் 2ஆம் தேதி, அவரை அடைத்து வைத்ததை எதிர்த்து ஆட்சேப மனு அனுப்பினோம். ஜூன் 11, புதன்கிழமை, அதை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு மலாக்காவில் கூடியது. அதற்குள் மருதமுத்துவை வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். அன்று அவரைக் கூட்டிவந்து ஓரமாக உட்காரவைத்தார்கள். கன்னம் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்தார், தலையாட்டவில்லை.

தலைவர் வெள்ளைக்காரர். மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். இந்த ஒயரை டிரைவர் செய்யவில்லை என்று எப்படிச் சொல்கிறாய்?

“நான் செஞ்சேன் ஐயா. முடிச்சு என்னோடது. புத்தகத்துல தேதி இருக்கு.”

நான் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். 2604 ஜூன் 13. காயில் ஒயர், பால் தோய்த்தது, பிச்சைமுத்து.

பிப்ரவரியில் காரில் குறை இல்லை என்று நீதானே சொன்னாய்?

“சொன்னேன். சரியாப் பாக்காம சொன்னேன். அது அவனோட குத்தம் இல்ல, என்னோடது.”

குழுவில் ஒருவர், வெறும் எஞ்சின் சூட்டில் ரப்பர் இப்படி இளகுமா என்று சந்தேகப்பட்டார். பிச்சைமுத்து ஒரு டம்ளர் கொதிக்கிற வெந்நீர் கேட்டார். ப்யூன் தேநீருக்கு வைத்த தண்ணீரைக் கொண்டுவந்தார். ஒயரை அதில் ஐந்து நிமிஷம் போட்டு எடுத்து, மேசைமேல் வைத்து, பத்துக் காசு நாணயத்தின் விளிம்பால் அழுத்தினார். உறை பிட்டு மாவைப்போல் பிரிந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. அப்படியே வைத்திருந்தார். ஆற ஆற அது மறுபடி மூடிக்கொண்டு வந்தது. தலைவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மருதமுத்துவும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

ஜூலை 18, வெள்ளிக்கிழமை, மருதமுத்துவை விட்டார்கள். பிடித்த நாளிலிருந்து நூற்று முப்பத்தேழு நாட்கள். கப்பலேற்றவில்லை. ஆனால் இரண்டு வருஷம் வண்டி ஓட்டக் கூடாது, கல்லுமலையில் தங்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது.

21ஆம் தேதி அவர் பட்டறைக்கு வந்தார்.

“அந்த ஒயரு இருக்காண்ணே?”

குழு அதைத் திருப்பித் தந்திருந்தது. பிச்சைமுத்து புகையிலை டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மருதமுத்து அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரே ஒரு முழம்.

“இதுக்கா?”

“இதுக்குத்தான்.” பிறகு பிச்சைமுத்து, “பிப்ரவரியில நான் ஒன்ன ஸ்டூல்ல ஒக்காத்திக் கேட்டிருக்கணும்” என்றார்.

“ஆமா. கேட்டிருக்கணும்.” ஒயரை மேசைமேல் வைத்தார். “பத்து நிமிசம் கேட்டிருந்தா முள்ளப் பத்தி அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

நான் தேநீர் வாங்கிவர எழுந்தேன். அவர் அதற்குள் போய்விட்டார்.

புக்கிட் ரம்பாயில் ரோடு போடும் வேலைக்குப் போனார். ஆறு மாதம் கல் சுமந்தார். 1953 பிப்ரவரி 9ஆம் தேதி வேலாயியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தானாகவே கப்பலேறினார். யாரும் அனுப்பவில்லை. ஆனால் அந்த ரோடு வேலை முடிந்தபின் யாரும் வேறு வேலையும் கொடுக்கவில்லை. பிச்சைமுத்துவின் அரசாங்க வேலைக் கடிதம் அதற்கு முன்பே, 1952 ஆகஸ்டில் வந்திருந்தது. வேறு ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று இரண்டு வரி. காரணம் எழுதவில்லை. எழுதாததை நான் சொல்ல மாட்டேன்.

பிச்சைமுத்து என்னிடம் 2603 முதல் 2605 வரையுள்ள புத்தகங்களைக் கேட்டார். பால் ஒயர் போட்ட கார்கள் அதில் இன்னும் எட்டு இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய் ஒவ்வொன்றாகத் தேடினார். ஐந்து கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. உரிமையாளரிடம் உண்மையைச் சொல்லி, கூலி வாங்காமல் புது ஒயர் போட்டார். ஒன்று தங்கா பத்தில் சக்கரம் இல்லாமல் கிடந்தது. அதற்குள் கோழி அடைத்திருந்தார்கள்.

“இது எங்கண்ணே ஓடப்போவுது? கோழியா ஓட்டப்போவுது?” என்று வீட்டுக்காரர் கேட்டாராம்.

“இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, கோழிகளை விரட்டி ஒயரைக் கழற்றிக்கொண்டு வந்தார். மீதி இரண்டு கார்கள் கிடைக்கவில்லை. என் புத்தகத்தில் அந்த இரண்டு வரிகளுக்கு எதிரே இன்றும் ஒன்றும் எழுதப்படவில்லை.

வேலாயியின் அண்ணனிடம் ஊர் முகவரி வாங்கி, 1954 முதல் ஒவ்வொரு வருஷமும் தைப்பொங்கலுக்கு முன் மருதமுத்துவுக்கு ஒரு கடிதம் போட்டார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டியதில்லை. தபால் தலை நான் வாங்கிக் கொடுத்தேன். ஏழு கடிதங்கள். பதில் இல்லை.

1960 மே 24ஆம் தேதி ஒரு பதில் வந்தது. நலம் விசாரிக்கும் வரிகள் அதில் இல்லை. மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலைக்காரரிடம் மறுபடி டிரைவராக இருக்கிறார். பழைய கார். விளக்கைப் போட்டால் எஞ்சின் திணறி நிற்கிறது. விளக்கை அணைத்தால் ஓடுகிறது. காயிலை இரண்டு தடவை மாற்றியும் போகவில்லை. முதலாளி அவரைத்தான் சந்தேகப்படுகிறார். கீழே ஒவ்வொரு நேரத்திலும் முள் எங்கே நின்றது, எப்படி நடுங்கியது என்று வரிசையாக எழுதியிருந்தார். ஸ்டூலில் உட்காரவைத்து பிச்சைமுத்து கேட்கக்கூடிய அத்தனை கேள்விக்கும் பதில் அதில் இருந்தது.

பிச்சைமுத்து அதை நான்கு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தார். 28ஆம் தேதி பதில் எழுதி, முதல் முறையாக என்னிடம் காட்டினார். ‘ஸ்டார்ட்டர் போடும்போது சோக் கம்பியைத் தொட்டுப் பார். சுட்டால், எஞ்சினையும் சேஸிஸையும் சேர்க்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மின்சாரம் வேறு வழி இல்லாமல் சோக் கம்பி வழியாகத் திரும்புகிறது. பட்டையைக் கழற்றி, வெள்ளையாகும்வரை சுரண்டி மாட்டு. உன்மேல் குறை இல்லை என்று முதலாளியிடம் என் பெயரைச் சொல்லிச் சொல்.’

அடுத்து வந்தது ஓர் அஞ்சலட்டை. அதில் மூன்று வரிகள். சோக் கம்பி சுட்டது. பட்டையைச் சுரண்டி மாட்டி, விளக்கைப் போட்டுக்கொண்டு நீடாமங்கலம்வரை போய்த் திரும்பினேன். கார் நிற்கவில்லை அண்ணே.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. அந்தக் கடைசிக் கடிதம் பட்டறைக்கு வந்த தேதி 1960 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை.